கே. பாலசந்தரைத் தேவைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறோமா?

ஜூலை 10, காலை

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நேற்று கே. பாலசந்தர் பிறந்தநாள். காலத்தை முந்தியவர், பெண்களின் குரல், இயக்குநர் சிகரம் என்று எங்கே திரும்பினாலும் வாழ்த்து. எனக்கு இருபத்தாறு வயது. இவர் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். எல்லாரும் மேடையில் நின்று பேசுவது போலவே பேசுகிறார்கள். பெண்கள் எல்லாரும் கடைசியில் தியாகம் செய்கிறார்கள். நடுநடுவே அலை, பொம்மை என்று குறியீடு வேறு. உண்மையாகவே பெரிய இயக்குநரா, இல்லை நம் அப்பா அம்மா சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கியவரா?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். எதற்காக அவரை அதிகம் புகழ்கிறோமோ அந்த இடங்களில் அவர் பலவீனமானவர். "புரட்சி", "துணிச்சலான முடிவு", "குறியீடு" மூன்றுமே அந்தக் கணக்கில் வரும். அவர் அசகாயசூரராக இருந்த இடம் வேறு, அதைப் பற்றி யாரும் பிறந்தநாள் வாழ்த்து எழுதுவதில்லை. அது சம்பளம், வாடகை, பசி, ஒரு வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்கிற விஷயம்.

விளக்கமாக இரவு எழுதுகிறேன்.

ஜூலை 10, இரவு

முதலில் மேடை என்கிற புகார்.

அவர் மேடையிலிருந்து வந்தவர்தான். ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். 'மேஜர் சந்திரகாந்த்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' எல்லாம் முதலில் நாடகங்கள், பிறகே படங்கள். 1965-ல் அவர் இயக்கிய முதல் படம் 'நீர்க்குமிழி' ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. அதே போல மருத்துவமனைக்குள் நடக்கிற 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை ஸ்ரீதர் 1962-லேயே எடுத்துவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஸ்ரீதர் படத்தில் வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியிலும் ஜன்னலுக்கு வெளியிலும் புகுந்து புறப்படும், அறை மூச்சு விடுவது போலிருக்கும். 'நீர்க்குமிழி'யில் நம்மைப் பிடித்து வைப்பது நாகேஷின் முகமும் அவர் பேசுகிற பேச்சும்தான். கண்ணால் பார்க்கிற சினிமா என்று எடுத்துக்கொண்டால் ஸ்ரீதர் கை ஓங்கியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதால் பாலசந்தருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

ஆனால் பேச்சு அதிகம் என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பம் வீட்டுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தது. சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லாமல் குத்தலாகவும் பழமொழியாகவும் வேறு யாருக்கோ சொல்வது போலவும் சொன்னது. அந்தப் பேச்சை அவர் நன்றாகக் காதில் வாங்கியிருந்தார். அவர் பாத்திரங்கள் கருத்துச் சொல்ல ஆரம்பிக்கும்போது எனக்கு அலுப்பு வரும். சண்டை போடும்போது ஒருபோதும் வந்ததில்லை.

ஜூலை 11

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். கேட்டவரின் குற்றச்சாட்டில் கனமான பகுதி இதுதான்.

படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 'அவள் ஒரு தொடர்கதை' (1974): குடும்பத்தையே சுமக்கிற கவிதா, தனக்கு வந்த கல்யாணத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். 'சிந்து பைரவி' (1985): சிந்து தான் பெற்ற குழந்தையை, அதன் அப்பாவுடைய மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். 'மனதில் உறுதி வேண்டும்' (1987): நர்ஸ் நந்தினி, பிரிந்துபோன கணவனுக்குச் சிறுநீரகம் கொடுக்கிறாள். 'கல்கி' (1996): திரும்பவும் ஒரு பெண் குழந்தை பெற்று இன்னொருத்தி கையில் கொடுக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் நான்கு பெண்கள். நான்கு பேரும் முதல் பாதியில் யாருக்கும் அடங்காதவர்கள், கடைசியில் எதையாவது தானம் செய்தால்தான் படம் முடிகிறது.

இதை "பெண்ணின் வலிமை" என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். வலிமையான பெண்ணுக்கு அவர் தயாராக வைத்திருந்த ஒரே பரிசு தனிமை. ஆண்களை எடுத்துக்கொண்டால், குடித்தவன் திருந்துவான், ஓடிப்போனவன் மன்னிப்புக் கேட்பான், ஏதாவது ஒரு குடும்பம் அவனை ஏற்றுக்கொள்ளும். அவளுக்கு மட்டும் கை தட்டல்.

என் அத்தை ஒருவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். தாத்தா போன பிறகு தம்பி தங்கைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'அவள் ஒரு தொடர்கதை' டிவியில் போட்டால் முதல் ஆளாக வந்து உட்காருவார். கவிதா வீட்டுக்குள் நுழைந்ததும் எரிந்து விழுகிற காட்சிகளில் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கோங்க, இப்படித்தான் இருக்கும்" என்பார். படம் முடியப்போகும் நேரத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். ஏன் முழுசாகப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இவ்ளோ நேரம் சரியாத்தான் சொன்னான். இனிமே அவளைச் சாமியாக்கிடுவான்" என்றார்.

பாலசந்தரைப் பற்றி எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். அத்தை சொன்னதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் பாராட்டியது நடுப்பகுதியை. கோபப்படுகிற, கணக்குக் கேட்கிற, "நான் சம்பாதிக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன்" என்று கத்துகிற கவிதாவை. நல்ல பெண் என்றால் பொறுமைசாலி என்று படத்துக்குப் படம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சுள்ளென்று விழுகிற, பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பிடிக்காமலே போகக்கூடிய ஒருத்தியைக் கதாநாயகியாக நிறுத்தியது சாதாரணக் காரியம் இல்லை. கவிதாவாக நடித்த சுஜாதாவும் அவளைப் பிடித்த மாதிரி ஆக்க முயலவே இல்லை.

ஜூலை 11, பிற்பகல்

சின்னத் திருத்தம். "கமலையும் ரஜினியையும் அறிமுகப்படுத்தியதற்காகவாவது விட்டுவிடுங்கள்" என்று ஒருவர் சொல்கிறார். கமல் 1960-லேயே 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக வந்துவிட்டார், இயக்கியவர் ஏ. பீம்சிங். 1973-ல் 'அரங்கேற்றம்' படத்தில் வளர்ந்த பையனாகக் கொண்டுவந்தவர் பாலசந்தர். சிவாஜி ராவைக் கூட்டிவந்து, தன்னுடைய 'மேஜர் சந்திரகாந்த்' பாத்திரத்தின் பெயரான ரஜினிகாந்தைச் சூட்டி, 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு வர வைத்தவரும் அவர்தான். 'சர்வர் சுந்தரம்' அவர் இயக்கியது என்று இன்னொருவர் சேர்த்திருக்கிறார். எழுத்து அவருடையது, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு.

இரண்டு நட்சத்திரங்களைக் கொடுத்தார் என்பது எனக்குப் பெரிய வாதமாகப் படவில்லை. அவர் கொண்டுவந்த மற்ற முகங்களைப் பாருங்கள். டெல்லி கணேஷ் (பட்டினப் பிரவேசம், 1977), சார்லி, நாசர் (கல்யாண அகதிகள், 1985), விவேக், தமிழுக்குப் பிரகாஷ்ராஜ் (டூயட், 1994). பலரும் குணச்சித்திரம் செய்கிறவர்கள். வாய் திறந்து பேச ஆரம்பித்தால் நாம் நிமிர்ந்து கவனிக்கிற ஆட்கள். ஹீரோவைத் தேடுகிறவர் கண்ணில் இவர்கள் பட மாட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரைத் தேடுகிறவர் கண்ணில்தான் படுவார்கள்.

ஜூலை 13

குறியீடு.

இதில் எனக்கும் பொறுமை குறைவு. காதல் பிறந்தால் அலை எழும்பும், மனம் உடைந்தால் ஏதாவது ஒரு பொருள் உடையும். 'அவர்கள்' (1977) படத்தில் கமல் கையில் இருக்கிற பொம்மை, அவனால் சொல்ல முடியாத காதலைச் சொல்கிறது. முதல் முறை நன்றாக இருக்கிறது. பிறகும் அதே பொம்மை அதே வேலையைச் செய்யும்போது, நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் இயக்குநருக்கு வந்துவிட்டது தெரிகிறது. 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினி நுழைந்ததும் திரையில் 'சுருதி பேதம்' என்று எழுத்து விழும். சங்கீதம் தெரிந்தவர்கள் ரசித்திருப்பார்கள். எனக்கு, வாசலில் நிற்கிற அந்தத் தாடிக்கார ஆளைப் பார்த்தாலே போதுமே, எழுத்து எதற்கு என்று தோன்றும்.

ஊரே "பாலசந்தர் டச்" என்று கொண்டாடியது இதைத்தான். கொண்டாடக் கொண்டாட அவரும் அதிகம் செய்தார். கைதட்டல் கெட்ட ஆசிரியர். எண்பதுகளின் பின்பாதிப் படங்களில் ஒரு காட்சி முடியப்போகிறது என்றால் டச் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஜூலை 14

இப்போது எனக்குப் பிடித்த பாலசந்தரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டிக்கொண்டே போவதாகிவிடும்.

'எதிர்நீச்சல்' (1968). ஒரு கட்டடத்தில் பல குடித்தனங்கள். மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கிற அநாதைப் பையன் மாது, எல்லாக் குடித்தனத்துக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடுகிற சோற்றில் படிக்கிறான். அந்தக் கட்டடத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். அவரை நாம் பார்ப்பதே இல்லை. இருமல் மட்டும் கேட்கும். அந்த இருமலோடுதான் மற்றவர்கள் பேசுவார்கள், பதிலுக்கு அதுவும் இருமும்.

இதையெல்லாம் குறியீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒட்டுக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் முகம் மறந்துபோகும், இருமல் மறக்காது. நாடகக்காரர் என்றால் வசனம் மட்டும் எழுதத் தெரிந்தவர் என்கிறோமே, ஒரு ஓசையை வைத்தே ஒரு ஆளைப் படைத்துவிட்டார் பாருங்கள். இதை மேடையிலிருந்து கொண்டுவந்தார் என்றால் மேடைக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்.

அதற்கு முந்தைய வருடம் 'பாமா விஜயம்'. பக்கத்தில் ஒரு நடிகை குடிவருகிறாள் என்றதும் மூன்று மருமகள்களும் மூன்று மகன்களும் பகட்டுக் காட்டப் போய்க் கடனில் விழுகிற குடும்பம். 'வரவு எட்டணா' பாட்டு அங்கேதான் வருகிறது. ஏ.ஜி. ஆபீஸில் வரவு செலவு பார்த்தவர் எடுத்த படம் என்று சொன்னால் நம்பத் தோன்றும். 'இரு கோடுகள்' (1969) படத்தில் முதல் மனைவி கலெக்டர், அதே ஆபீஸில் முன்னாள் கணவன் குமாஸ்தா. காதல், கைவிடல், இரண்டு மனைவி எல்லாம் இருக்கட்டும், கதை முழுவதும் யார் மேலதிகாரி, யார் கீழே என்கிற அந்த மேஜைக்கு இரண்டு பக்கமும்தான் நடக்கிறது. 'அரங்கேற்ற'த்தில் வீட்டுக்கு மாதாமாதம் பணம் வருகிறது. வாங்கிக்கொள்கிறவர்கள் அது எப்படி வருகிறது என்று கேட்கவில்லை. மகள் உடலை விற்று அனுப்பிய பணம் என்று தெரிந்ததும் அனுப்பியவளைத் தள்ளிவிடுகிறார்கள். சாப்பிட்ட சோறு சாப்பிட்டதுதான், அதைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் படத்தில் என்னை உலுக்குவது இந்தக் கணக்குதான். அவளுக்குப் பைத்தியம் பிடிக்கிற முடிவு அவ்வளவு உலுக்குவதில்லை.

ஜூலை 14, பின்னிரவு

தூக்கம் வராததால் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தை மறுபடி போட்டேன்.

டெல்லியில் வேலை இல்லாத மூன்று பேர். வீட்டில் சாப்பிட ஒன்றும் கிடையாது. அந்த நேரம் பார்த்து ஸ்ரீதேவி வந்துவிடுகிறாள். மானம் போகக் கூடாது என்று இவர்கள் சாப்பிடுவது போலப் பாத்திரச் சத்தம் கொடுத்து, அதை ஊற்று இதைப் போடு என்று பேசி நடிக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. முதலில் சிரிப்பாக வருகிறது, பிறகு சிரித்ததற்கே வெட்கமாக இருக்கிறது. இங்கே எல்லாமே நாடகம். மேடையில் அப்படியே போடலாம். ஆனால் பாத்திரங்களே அதை நாடகமாக நடிக்கிறார்கள், பசியை மறைக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அவருடைய குறை என்று நாம் சொல்கிற விஷயமே காட்சியின் உயிராக மாறிவிடுகிறது.

அதே படத்தில் மூவரில் ஒருவனான ரங்கன் சாக்கடையில் விழுந்த ஆப்பிளை எடுத்துக் கழுவித் தின்பான். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு ஆப்பிளைவிட அந்தப் பொய்ச் சாப்பாடு பெரிது. ஆப்பிள் நம்மைப் பார்த்துச் சொல்லப்படுவது. சாப்பாடு அவர்களுக்குள் நடப்பது.

ஜூலை 16

"அப்படியானால் அவர் துணிச்சலானவர் இல்லையா?" என்று கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார்.

துணிச்சல்காரர்தான். கதையைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இருந்த தைரியம் அவர் காலத்தில் பெரிய கம்பெனிகளில் எவருக்கும் இல்லை. 'அபூர்வ ராகங்க'ளில் தந்தை ஒரு பெண்ணையும், அவர் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் விரும்புகிற வேதாளக் கதை. 'மூன்று முடிச்சு' (1976) படத்தில், தன் காதலனை ஏரியில் சாகவிட்டவனுக்கே சித்தியாக வருகிற பெண். இதைக் கதையாகச் சொன்னால் பைனான்ஸ் கொடுக்க எவ்வளவு பேர் வருவார்கள்? ஆனால் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போக வேண்டிய நேரத்தில் அவர் திரும்பிவிடுகிறார். 'அபூர்வ ராகங்க'ளில் கடைசியில் தாய் மகளோடும் தந்தை மகனோடும் அவரவர் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். புதிர் போட்டார், விடை வரும்போது தாளை மடித்து வைத்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம்: ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). நாயகி மஞ்சுவை அந்தப் படம் தியாகியாக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. நடுச்சாலையில் இறங்குகிறாள், கார் போய்விடுகிறது, அவ்வளவுதான். அந்தப் படத்தின் எழுத்தில் பங்கெடுத்த அனந்து, பாலசந்தரோடு வருடக்கணக்கில் கூடவே இருந்தவர். ஆக, பாலசந்தரின் பள்ளிக்குள்ளேயே இன்னும் தூரம் போகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர் திறந்த கதவு வழியாகத்தான் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1973-ல் 'அரங்கேற்றம்' வந்து கூட்டத்தைச் சம்பாதிக்காமல் இருந்திருந்தால் 1978-ல் மஞ்சுவுக்குத் திரை கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இயக்குநர் மகேந்திரனோடு ஒப்பிடச் சொன்னவருக்கு: 'உதிரிப்பூக்கள்' (1979) பாருங்கள், அப்புறம் பேசலாம். மௌனம் வேண்டுமென்றால் மகேந்திரன். பாலசந்தரிடம் போய் மௌனம் கேட்காதீர்கள்.

ஜூலை 17

முடிவுகள் எல்லாமே தியாகம் என்று 11-ஆம் தேதி எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு விதிவிலக்கை எழுதி வைக்கிறேன். 'அவர்கள்.' அனுவுக்கு மூன்று ஆண்கள்: கொடுமைக்காரக் கணவன், பழைய காதலன், பொம்மை வைத்திருக்கும் நல்லவன். எல்லாரும் எதிர்பார்க்கிற விடை பொம்மைக்காரன். அவள் ஒருவரையும் எடுத்துக்கொள்ளாமல் குழந்தையோடு ரயிலேறுகிறாள். கூடப் போகிறவர் யார் தெரியுமா? அந்தக் கொடுமைக்காரனின் அம்மா. மகனை விட்டுவிட்டு மருமகளோடு போகிற மாமியார்.

இந்த முடிவில் எந்தப் பெண்ணும் எதையும் தானம் செய்யவில்லை. இரண்டு பெண்கள், ஒரு குழந்தை, ஒரு ஊர் மாற்றம். பாலசந்தர் எழுதிய முடிவுகளில் மிக முற்போக்கானது இதுதான் என்பேன். "காலத்தை முந்தியவர்" என்று வாழ்த்து எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு 'சிந்து பைரவி'யில் குழந்தை கைமாறுகிற காட்சியைப் போடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஜூலை 18

'சிந்து பைரவி' ரசிகர்கள் கொதித்திருக்கிறார்கள். எனக்கும் பிடித்த படம். ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க வேண்டும். அந்தப் படத்துக்காக சுஹாசினிக்கும் சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருது கிடைத்தது. "தமிழில் பாடக் கூடாதா" என்று கச்சேரி நடுவே எழுந்து கேட்கிற பெண் என்பது பாலசந்தரின் கற்பனை. அந்தக் கேள்வியைக் காதால் கேட்கிற மாதிரி ஆக்கியவர் இளையராஜா. 'பாடறியேன்' என்று நாட்டுப்புற மெட்டில் ஆரம்பித்து, தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். காம்போஜி ராகத்தில் பாடுகிற கீர்த்தனையை சாரமதி ராகத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே தையல் தெரியாமல் செய்துவிட்டார். அந்தக் காட்சி வாதமாக நிற்பதும் பாட்டாக நிற்பதும் அதனால்தான். வசனத்தால் மட்டும் அது முடிந்திருக்காது.

பாலசந்தருடைய கை முழுசாகத் தெரிகிற இடம் வேறு. சிவகுமார் நடித்த சங்கீத வித்வான் ஜே.கே.பி. ஒரு வாய் சாராயத்துக்காக வேட்டி நழுவ 'தண்ணித் தொட்டி' பாடி ஆடுகிற இடம். சபையில் சுருதி சுத்தம் பேசின மனிதர், மிருதங்கக்காரர் குடித்திருக்கிறார் என்று மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்த மனிதர். சிவகுமாரை அந்த நிலைக்கு இறக்கிப் பார்க்க ஒரு இரக்கமற்ற கண் வேண்டும். அது அவருக்கு இருந்தது, ஆண்களைப் பார்க்கும்போது. பெண்களைப் பார்க்கும்போது அந்தக் கண் கலங்கிவிடுகிறது, உடனே அவளை உயரத்தில் ஏற்றிவிடுகிறார். அத்தை சொன்னது மறுபடி நினைவுக்கு வருகிறது.

ஜூலை 21

ஒருவர் கேட்டிருந்தார்: அவர் உலகம் முழுக்க ஆபீஸ் போகிற, கச்சேரி கேட்கிற உயர்சாதி நடுத்தர வர்க்கம்தானே? பெரும்பாலும் ஆமாம். அவருக்குத் தெரிந்த வீடுகளை எழுதினார். எண்பதுகளில் கிராமத்தை உள்ளே இருந்து பார்த்தவர் பாரதிராஜா. ஆனால் 'தண்ணீர் தண்ணீர்' (1981) இருக்கிறது. கோமல் சுவாமிநாதனின் நாடகம். அத்திப்பட்டி என்கிற காய்ந்த ஊர், தூரத்திலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிற ஓடிவந்த குற்றவாளி, தங்களுக்குத் தாங்களே கால்வாய் வெட்டுகிற மக்கள், வெட்டக் கூடாது என்று வந்து நிற்கிற அரசாங்கம். தமிழில் சிறந்த படம், சிறந்த திரைக்கதை இரண்டுக்கும் தேசிய விருது வாங்கியது.

இதில் பாலசந்தரின் வழக்கமான பழக்கங்கள் அடங்கிக் கிடக்கின்றன. காரணம் கோமலின் கதை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. அத்திப்பட்டியில் தண்ணீர்தான் சம்பளம். குடம்தான் கணக்கு. யாருக்கு எத்தனை குடம், யார் கொண்டுவருகிறார், அவரைக் காட்டிக்கொடுத்தால் ஊருக்கு என்ன ஆகும்? 'எதிர்நீச்சல்' கட்டடத்தில் மாதுவுக்கு யார் சோறு போடுவது என்பதும், கவிதா வீட்டில் சம்பளம் எங்கே போகிறது என்பதும் இதே கணக்குதான். ஊர் மாறினாலும் அவர் கை தடுமாறவில்லை என்றால் அதனால்தான். சரிதாவின் செவந்தி, கணவன் போலீஸ்காரன், ஊரா புருஷனா என்று வரும்போது அவள் தேர்ந்தெடுக்கிற விதத்தில் தியாக மணம் கொஞ்சமும் இல்லை. தாகம் எடுத்தவள் எடுக்கிற முடிவு.

அதே 1981-ல் 'தில்லு முல்லு', '47 நாட்கள்', இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' எல்லாம் வந்தன. இந்த வேகத்தில் எடுத்தால் மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும். 'தில்லு முல்லு' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்காக மீசையை வைத்துப் பொய் சொல்கிறவன் கதை, அங்கேயும் சம்பளம்தான்.

ஜூலை 22

பிற்காலம்: 'பார்த்தாலே பரவசம்' (2001), 'பொய்' (2006). தற்காப்புக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்பே தூர்தர்ஷனில் 'ரயில் சிநேகம்' எடுத்தபோது அவர் மறுபடி சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாரத்துக்கு வாரம் பேசிப் பேசிச் சிக்கலாகிற குடும்பங்களுக்குச் சின்னத்திரை பொருத்தமான இடம். டிவிக்குப் போனதை வீழ்ச்சி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஜூலை 25

கேள்வி கேட்டவர் 'அவர்கள்' பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "மாமியார் கூடப் போவது நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் பொம்மையை மன்னிக்க முடியவில்லை." இரண்டிலும் உங்கள் பக்கம்தான் நானும். அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 'எதிர்நீச்சல்', பிறகு 'தண்ணீர் தண்ணீர்', பிறகு 'வறுமையின் நிறம் சிவப்பு', இந்த வரிசையில் பாருங்கள். 'அபூர்வ ராகங்கள்' கடைசியில் போதும், அதிலும் ஸ்ரீவித்யாவுக்காகப் பாருங்கள், புதிருக்காகப் பார்க்காதீர்கள். 'புன்னகை மன்னன்' பாட்டுகள் தனியாகக் கிடைக்கின்றன. 'அவள் ஒரு தொடர்கதை' முழுசாகப் பார்த்துவிட்டு முடிவைப் பற்றி எனக்கு எழுதுங்கள், நீங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்ளக்கூடும், அதைக் கேட்க ஆசை.